கல்லுக்குழி ஜோதி

தண்ணீருக்குப் போட்ட போரில் தீ வந்தது. புங்கம்பாளையத்தில் போர் போட்டு வெறும் புழுதி வந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆயிரம் அடி ஓட்டியும் ஈரம் தட்டாமல், கல்மாவு பறப்பதைப் பார்த்துக்கொண்டு தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். தீ வந்து பார்த்தவர் எவரும் இல்லை.

இடம், ஊருக்குத் தெற்கே இருந்த பழைய கல்லுக்குழி. ஒரு காலத்தில் ஜல்லிக்குக் கல் உடைத்த இடம். கல் தீர்ந்ததும் பேரூராட்சிக் குப்பையை அங்கே கொட்டத் தொடங்கினார்கள். பரமத்தி வேலூரைச் சுற்றிய ஊர்களில் குப்பை என்றால் முக்கால்வாசி அழுகக்கூடியதுதான். மண்டியில் கழித்துப்போட்ட வாழைத்தண்டு, சந்தையில் மிஞ்சிய தக்காளி, கொடிக்காலில் கிள்ளிப்போட்ட வெற்றிலை, மூன்று கல்யாண மண்டபங்களின் எச்சில் இலை, கோழிக்கடை இறகும் குடலும், எல்லாம் ஒன்றாக உள்ளே போயின. குழி நிரம்பியதும், முந்தைய தலைவர் காலத்தில் செம்மண்ணை மேலே கொட்டி ரோலர் ஓட்டி நிரவிவிட்டார்கள். மேற்கு ஓரத்தில் கொஞ்சம் பள்ளம் மிச்சம் இருந்தது. அன்றாடக் குப்பை அதில் விழுந்துகொண்டிருந்தது.

இப்போதைய தலைவர் வசந்தாமணி. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் முருகானந்தத்துக்கு லாரித் தொழில். கோழிப்பண்ணையை வசந்தாமணிதான் பார்த்துக்கொண்டார். தேர்தலில் ஜெயித்த புதிதில் முருகானந்தம் அலுவலகத்துக்குக் கூடவே வந்து, தலைவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் வசந்தாமணி அந்த நாற்காலியை எடுத்து வரவேற்பறையில் போடச் சொன்னார். முருகானந்தம் சில நாள் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, பிறகு லாரி ஆபீசுக்கே போய்விட்டார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

வாரச்சந்தை கரூர் சாலை ஓரத்திலேயே கூடியது. காய்கறிக் கூடைகளுக்கும் லாரிச் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். சந்தையை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்று சொல்லித்தான் வசந்தாமணி ஓட்டுக் கேட்டார். நிரவிய கல்லுக்குழி மேடு கைவசம் இருந்தது. தண்ணீர் மட்டும் வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து தண்டாயுதபாணியின் ரிக் வண்டி வந்தது.

தண்டாயுதபாணி வடக்கே ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் போர் போட்டவர். வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார்.

"ஏனுங்க அம்மா, இது மண்ணே இல்லீங்க. கருப்பாச் சேறாட்ட வருது. துணி வருது, பாலிதீன் கவர் வருது. நாத்தம் தாங்கல. நிறுத்திரலாமுங்களா?"

"கீழ பாறை வந்துரும்ல?"

"வருமுங்க."

"அப்ப ஓட்டுங்க. பாறைக்குக் கீழதான நமக்குத் தண்ணி வேணும்?"

பாறை வந்தது. கேசிங் பைப்பை இறக்கினார்கள். மேல் துண்டைச் சேர்க்க வெல்டிங் வைத்தபோது பைப்பின் வாயிலிருந்து பப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நீல நிறத்தில் ஆளுயரத்துக்கு எழுந்த தீ, பிறகு இடுப்பளவுக்கு இறங்கி அப்படியே நின்றது. வெல்டிங் வைத்தவருக்குப் புருவம் கருகியதோடு போயிற்று. தண்டாயுதபாணி முதல் காரியமாக வண்டியை ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து அணைத்தது. குழாய் பழுக்கச் சூடேறிக் கிடந்ததால், ஆட்கள் ஹோஸைச் சுருட்டும்போதே மறுபடி பிடித்துக்கொண்டது. திரும்ப அணைத்தார்கள், திரும்பப் பிடித்தது. கடைசியில் அவர்கள் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, மேலதிகாரிகளுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேலதிகாரிகள் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கோவிலுக்குப் போய்த் திரும்பிய பெண்கள் தீயைப் பார்க்கக் கும்பலாக வந்தார்கள். அதில் ஒருவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், தட்டில் மிச்சமிருந்த சூடத்தைக் குழாய்க்கு முன்னால் ஒரு செங்கல்லின் மேல் வைத்துப் பற்றவைத்தார். அவர் பாவாயி, வசந்தாமணியின் அக்கா.

பாவாயிக்குக் குழந்தை இல்லை. கணவர் இருந்த வரைக்கும் இருவரும் கொடிக்காலே கதியென்று கிடந்தார்கள். அவர் போன பிறகு கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பாவாயி டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தங்கை வீட்டு விசேஷங்களுக்கு வருவார், சாப்பிடுவார், யாராவது கேட்டால் பதில் சொல்வார். கல்யாண வீட்டில் எங்கே உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்து, எழச் சொன்னதும் எழுந்துகொள்வார். அப்படி இருந்தவர் அந்தச் சூடத்துக்குப் பிறகு தினமும் கல்லுக்குழிக்குப் போனார். வேப்பிலை கட்டினார். மஞ்சள் துணி சுற்றிய சூலம் ஒன்றை யாரோ நட்டார்கள். ஜோதி மாரி என்று பேர் வந்தது. கெங்கவல்லிப் பக்கமிருந்துகூட வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பாவாயி எல்லோருக்கும் திருநீறு பூசினார். வந்தவர்கள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். வசந்தாமணி ஒரு நாள் தூரத்தில் ஜீப்பை நிறுத்திப் பார்த்தபோது, அக்கா கையை ஆட்டி ஆட்டிக் கூட்டத்தை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்பது வசந்தாமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியரின் பேர் மைதிலி. ராசிபுரத்துக்காரர், சின்ன வயசு. மஞ்சள் நிறத்தில், வாயு அளக்கும் கருவி ஒன்று கொண்டுவந்திருந்தார். குழாய் அருகிலும், மண்ணில் வெடிப்பு விட்ட இடங்களிலும், மேற்கு ஓரத்துப் பள்ளத்திலும் அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஜீப்பின் நிழலுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னார்.

"கோபர் கேஸ் தெரியுமில்லீங்களா? அதேதாங்க. சாணிக்குப் பதிலா சோறு, எலை, காய். மேல மண்ணப் போட்டு அமுத்திட்டாங்க. காத்தே படாம உள்ளயே புளிச்சு மீத்தேனாகுது."

"அணைக்கறதுக்கு என்ன பண்ணோணும்?"

"அணைக்க வேண்டாங்க. எரிஞ்சுட்டே இருக்கட்டும்."

வசந்தாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவரும் சூடம் ஏற்றப் போகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

"எரியாம மேல போறதுதாங்க இன்னும் கெடுதல்" என்றார் மைதிலி. "வருசா வருசம் வெயில் ஏறுதுன்னு சொல்றோமில்லீங்களா, கரியமில வாயுவ விட இது பல மடங்கு சூட்டப் புடிச்சு வெச்சுக்கும். எரிஞ்சா அந்தக் கெடுதல் கொறையும். ஆனா அந்தக் குழாய் வாய மட்டும் யாரும் அடைக்கக் கூடாதுங்க. வாயச் சின்னதாக்கவும் கூடாது. இங்க வழி இல்லீன்னா அது வேற வழி பாத்துக்கும்."

"வேற வழின்னா?"

"பக்கத்துக் கெணறு, மோட்டார் ரூம்பு, ஊட்டுத் தரை. எங்க சந்து கெடைக்குதோ அங்க. இன்னும் நாலு குழாய் எறக்கி நல்லா வழி உட்டுட்டா பயமில்ல. நான் எழுதி அனுப்பறேன். அப்பறம், மேற்கால இன்னும் கொட்டிட்டே இருக்காங்களே, அத நிறுத்தோணுங்க. மக்கற குப்பைய இப்படிக் குழியில போடறதாலதான் இத்தனையும். தனியாப் பிரிச்சுக் காத்துப் படற மாதிரி மக்க வெச்சா இந்த கேஸே வராது."

"நிறுத்திட்டு எங்கீங்க கொட்டறது? சொல்றது சுலுவு, சாமி."

மைதிலி அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். உரக்கூடம், மக்குவதற்குப் பச்சைக் கூடை, மக்காததற்கு நீலக் கூடை என்று வரிசையாகச் சொன்னார். வசந்தாமணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஊரில் வீட்டுக்கு வீடு போய்ச் சோற்றையும் சோப்புக் கவரையும் பிரித்துப் போடச் சொல்வதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓட்டுப் போட்டவர்களிடம் ஒரு வேலை சொல்வது என்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

ஆடி நெருங்கியது. ஜோதி மாரிக்கு நோம்பி சாட்டித் திருவிழா எடுக்க வேண்டும், மேடை கட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. தீ காற்றில் அலைந்து பெண்களின் சேலையைச் சுட்டுவிடுமோ என்று பயம். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் மேடை போட்டு, டைல்ஸ் ஒட்டி, வாயில் பித்தளையில் ஒரு குவளை பொருத்தினால் தீ அடக்கமாக, சாணளவுக்கு நின்று எரியும் என்று கோவில் வேலை செய்யும் ஆசாரி சொன்னார். பாவாயி தங்கை வீட்டுக்கு வந்தார். வழக்கமாகச் சமையற்கட்டில் போய் உட்காருகிறவர் அன்று முன்னறை சோபாவில் உட்கார்ந்தார்.

"வசந்தா, எனக்குன்னு நான் உன்கிட்ட எதும் கேட்டதில்ல."

"என்ன வேணும், சொல்லு அக்கா."

"பேரூராட்சி எடம்னு யாரும் வந்து தடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

வசந்தாமணிக்கு மைதிலி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. போனை எடுத்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. முழுசாகவா அடைக்கிறார்கள், சின்னதாகத்தானே ஆக்குகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நோம்பிக்கு வரும் கூட்டமும் மனதில் ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"செஞ்சுக்க அக்கா" என்றார்.

மேடை அழகாகவே அமைந்தது. மைதிலி எழுதி அனுப்பிய குழாய் வேலை, நோம்பி முடியட்டும் என்று தள்ளிப்போனது.

கல்லுக்குழிக்குக் கிழக்கே சந்தோஷ்குமாரின் வாழைத்தோட்டம். முப்பது வயசுக்காரர். மனைவி அகல்யா, ஒரு பெண் குழந்தை. கிணற்றோரம், தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு படி இறங்குகிற மாதிரி ஒரு மோட்டார் ரூம் இருந்தது. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் நாற்றம் அவருக்கு நாற்றமாகவே தெரியாது. ஆவணி தொடக்கத்தில் ஒரு நாள் காலை, த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் உள்ளே இறங்கி ஸ்டார்ட்டரை அழுத்தினார். சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. கூரைத் தகடு பறந்து போய்த் தென்னை மட்டையில் சிக்கி நின்றது. கதவு திறந்தே இருந்ததால் ஆள் பிழைத்தார். வெளியே தூக்கி எறியப்பட்டு வாழைக்கன்றுகளுக்கு நடுவே கிடந்தவரை அகல்யாதான் முதலில் பார்த்தார்.

வசந்தாமணி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட வர இருந்த கவுன்சிலர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சந்தோஷ்குமாரின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன. முகத்தில் களிம்பு. மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அகல்யா எழுந்து நின்று, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். வசந்தாமணி உட்காரவில்லை.

"அந்த இன்ஜினியரம்மா இங்க வந்திருந்தாங்க" என்றார் அகல்யா. "கொழாய அடைச்சா இந்தப் பக்கம் வரும்னு முன்னயே சொன்னாங்களாமா. உங்ககிட்டச் சொன்னாங்களாமா."

"சொன்னாங்க."

"அப்ப தெரிஞ்சேதானுங்க உட்டீங்க?"

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தாமணி ஊரில் இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கோவில் கமிட்டி, பழைய தலைவர், மேலிடத்து ஒப்புதல் தாமதம் என்று நாலைந்து இருந்தன.

"ஆமா" என்றார்.

அகல்யா நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். வசந்தாமணி வார்டை விட்டு வெளியே வந்தார்.

மறுநாள் தண்டாயுதபாணியை வரச் சொன்னார். அவர் வந்தார், ஆனால் மேடையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாமி காரியமுங்க. இதுல நான் கை வெக்கமாட்டனுங்க. சுத்தி நாலு எடத்துல பைப்பு வேணா எறக்கித் தாரேன். மேடைய நீங்களே பாத்துக்கங்க."

மேடையை உடைக்க ஜேசிபி நின்றது. மைதிலியும் வந்திருந்தார். தூரத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. போலீஸ் வேண்டாம் என்று வசந்தாமணி சொல்லியிருந்தார். மேடையின் மேல், பித்தளைக் குவளைக்குப் பக்கத்தில், பாவாயி உட்கார்ந்திருந்தார்.

வசந்தாமணி செருப்போடு போய் எதிரில் நின்றார்.

"அக்கா, எந்திரி."

"எந்திரின்னா எந்திரிச்சு, உக்காருன்னா உக்காந்த காலமெல்லாம் போயிருச்சு வசந்தா. இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்."

"இது சாமி இல்லக்கா. நாம தின்னு மிச்சம் வெச்சது. இருபது வருசமா நாம கொட்டுனதுதான் உள்ள கெடந்து அழுகி எரியுது. எல்லா ஊட்டுச் சோறும் இதுல இருக்குது. மாமாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தன பந்தி போட்டோம், அந்த எலையெல்லாம் எங்க போச்சு? இங்கதான் வந்து கொட்டுனாங்க. நானே வண்டி சொல்லி அனுப்பினேன்."

அக்காவின் மயக்கம் இதில் தெளியும் என்று அவர் எதிர்பார்த்தார். பாவாயி திரும்பித் தீயைப் பார்த்தார்.

"அப்ப அவுரும் இதுலதான் எரியறாரு" என்றார்.

ஜேசிபி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பீடிக்காகச் சட்டைப்பையைத் துழாவினார். மைதிலி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் பாவாயிதான் கேட்டார்.

"அந்தப் பையன் கை நல்லாகுமா?"

"ஒரு கை ஆகுமாம். சோத்துக்கை சந்தேகம்னு சொல்றாங்க."

"கொளந்தையத் தூக்க முடியுமா?"

"தெரியலக்கா."

பாவாயி எழுந்தார். சூடத்தட்டு, திருநீற்றுக் கிண்ணம், மஞ்சள் துணி எல்லாவற்றையும் ஒரு கூடையில் எடுத்து வைத்தார். பித்தளைக் குவளையைத் தொட்டுக் கும்பிடக் கையைக் கொண்டுபோனவர், சூடு பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் நடந்துபோனார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை.

மேடையை உடைத்தார்கள். நாலு குழாய்கள் இறங்கின. மைதிலி கருவியோடு தினமும் வந்து சந்தோஷ்குமாரின் கிணற்றடியில் பிடித்துப் பார்த்தார். அங்கே கேஸ் குறைந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் வசந்தாமணி மேற்கு ஓரத்துப் பள்ளத்தின் பக்கம் திரும்பினார். குப்பை வண்டி போகும் தடத்தில் குறுக்கே குழி வெட்டச் சொன்னார். வண்டிகள் திரும்பி வந்து பேரூராட்சி அலுவலக வாசலில் நின்றன. அலுவலகத்தில் ஒருவரும் மூக்கைப் பொத்தாமல் வேலை பார்க்க முடியவில்லை. வசந்தாமணி தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். கோழிப்பண்ணையில் இருந்தவருக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கவுன்சிலர்கள் அந்த வாரமே உரக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

உரக்கூடம் சுலபத்தில் அமைந்துவிடவில்லை. முதல் தொட்டியில் மண்டபத்து ரசமும் மோரும் சேர்ந்து கூழாகிப் புழு வைத்தது. மூடி அமுக்கிய மாதிரி ஈரம் நின்றுவிட்டால் இதுவும் குட்டிக் கல்லுக்குழிதான் என்றார் மைதிலி. காய்ந்த வாழைச்சருகும் தென்னை நார்த்தூளும் கலந்து, வாரம் ஒரு தடவை கிளறிவிட்ட பிறகு நாற்றம் அடங்கியது. வாழைத்தண்டை வெட்டிப் போடாமல் முழுசாகப் போட்டால் மக்குவதில்லை என்று தெரிந்து, ஒரு வெட்டும் மிஷின் வந்தது. வீடுகளுக்குக் கூடை கொடுத்தார்கள். பச்சைக் கூடையில் அரிசி வைத்தவர்கள், நீலக் கூடையில் துணி ஊறவைத்தவர்கள் எல்லாம் உண்டு. தூய்மைப் பணி மேற்பார்வையாளர் உஷாராணி வீட்டு வாசலில் நின்று, பிரிக்காத குப்பையை வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தார். ஏச்சு வாங்கினார். சில பேர் ராத்திரியில் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார்கள். அதற்கும் உஷாராணிதான் ஏச்சு வாங்கினார்.

மண்டபக்காரர்கள்தான் கடைசி வரை முறைத்தார்கள். முருகானந்தத்தின் பங்காளி வீட்டுக் கல்யாணத்தன்று, முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது, வசந்தாமணி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனார். இலை விழும் இடத்தில் நின்று, இலையை ஒரு பக்கமும் தண்ணீர் பாட்டிலையும் கப்பையும் இன்னொரு பக்கமும் போட ஆரம்பித்தார். கை கழுவ வந்த உறவுக்காரர்கள் பார்த்தார்கள். முருகானந்தத்துக்கு விஷயம் போய், அவர் வேகமாக வந்தார்.

"ஏம் புள்ள, ஒரம்பரை முன்னால இதென்ன கூத்து? உட்டுட்டு உள்ள வா."

"நீங்களும் ரெண்டு பாட்டிலப் பொறுக்கிப் போட்டா சீக்கிரம் முடிஞ்சுரும்."

அவர் போடவில்லை. ஆனால் போகவும் இல்லை. சட்டைக்கையை மடித்துவிட்டபடி அங்கேயே நின்று, வந்தவர்களிடம், "பாட்டில அந்தப் பக்கம் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் யாரோ அவசரமாக ஒரு டம்ளரில் பாயசம் கொண்டுவந்து வசந்தாமணியிடம் கொடுத்தார்கள். கை எச்சிலாக இருந்ததால் அவர் வாங்கவில்லை.

ஒரு வருஷத்தில் உரம் நன்றாக வந்தது. கொடிக்காலுக்கும் வாழைக்கும் ஆட்கள் கேட்டு வாங்கிப்போனார்கள். சந்தோஷ்குமார் வாங்கவில்லை. அவருக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. மண்வெட்டியை இடது கையால் அழுத்திப் பிடித்து வேலை செய்யப் பழகிக்கொண்டார். பேரூராட்சியிலிருந்து ஒரு டிராக்டர் உரம் தோட்டத்தில் இறக்க வசந்தாமணி ஆள் அனுப்பியபோது, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார். அகல்யா வழியில் பார்த்தால் தலையசைப்பார். அதற்கு மேல் இல்லை. வசந்தாமணியும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

சந்தையைக் கல்லுக்குழிக்கு மாற்றும் யோசனை கைவிடப்பட்டது. அது இன்னும் கரூர் சாலை ஓரத்திலேயே கூடுகிறது. குழி மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, குழாய்களின் தலையில் தீ மட்டும் எரிகிறது. முதல் வருஷம் முழங்கால் உயரம் இருந்தது, இப்போது கணுக்கால் அளவுதான். புதிதாக எதுவும் உள்ளே போகாததால் பழையது தீரத் தீர இறங்கும், ஆனால் முழுசாக அடங்க இன்னும் பல வருஷம் ஆகும் என்றார் மைதிலி. வேலிக்கு வெளியே நின்று சிலர் இன்னும் சூடம் காட்டுகிறார்கள். பாவாயி அவர்களில் இல்லை. அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. தங்கை வீட்டு விசேஷங்களுக்கும் வருவதை நிறுத்திவிட்டார். வசந்தாமணி இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தார். பாவாயி கதவைத் திறந்தார், தண்ணீர் கொடுத்தார், டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், வசந்தாமணி மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது எதிரில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். பாவாயி நின்றிருந்தார். மனு எதுவும் கையில் இல்லை.

"ஏனுங்க தலைவரம்மா" என்றார் பாவாயி.

வசந்தாமணியின் பேனா நின்றது. அக்கா தன்னை 'ங்க' போட்டுப் பேசி அவர் கேட்டதே இல்லை.

"எங்க தெருவுக்கு ரெண்டு நாளாக் குப்பை வண்டி வரலீங்க. பச்சைக் கூடையெல்லாம் ரொம்பி வழியுது. எலி வருது. பிரிச்சு வெய்யி வெய்யின்னு சொன்னா மட்டும் பத்தாதுங்க. எடுத்துட்டுப் போகவும் ஆள் வரோணும்."

"பேட்டரி வண்டி ரிப்பேருக்குப் போயிருக்குதுக்கா. நாளைக்கு வந்துரும்."

"நாளைக்குன்னா காலைலயா, மத்தியானமா?"

"காலைல. நானே உஷாராணிகிட்டச் சொல்றேன். உக்காருக்கா, டீ சொல்றேன்."

"வேண்டாங்க. பின்னால ஆளுக நிக்கறாங்க" என்றார் பாவாயி. வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். "சாணியப் போட்டா சீக்கிரம் மக்குதுன்னு சொல்றாங்க. குத்தகைக்காரன்கிட்டச் சொல்லி ஒரு வண்டி போடச் சொல்றேன். எங்க எறக்கறதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த மனுக்காரர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வசந்தாமணி அவரை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, உஷாராணிக்குப் போன் போட்டார்.